ஆத்திப் போடு

செவ்வந்தியை லாரி அடித்துப் போட்ட அன்று, ரூபினி அந்தப் பசுவின் காதிலிருந்து நகத்தளவு தோலை வெட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து செனாய்க்குக் கொண்டுவந்தாள். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில்தான் அவளுக்கு வேலை. மேலாளரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, அந்தத் தோலிலிருந்து செல்களை எடுத்து வளர்த்தாள். போதுமான அளவு பெருகிவிட்டால் உறையவைத்துப் பத்திரப்படுத்தலாம். அதுவரைதான் பயம்.

அம்மா பேச்சியம்மாள் ஊரில், பண்டார் தெங்காராவில், தனியாக இருந்தாள். அப்பா போன பிறகு அவளுக்குப் பேச்சுத்துணை அந்தப் பசுதான். ஞாயிறானால் போன் வரும்; ஆஸ்பத்திரியில் கிடக்கும் பிள்ளையை விசாரிப்பதுபோல் கேட்பாள்.

"எப்படி இருக்கா?"

"வளருதும்மா. மெதுவா."

"சாப்பிட என்ன குடுக்கிற?"

"மாட்டு உடம்புல ஊறுற ஒரு புரதம். அதுதான் செல்லுங்கள வளரச் சொல்லும்."

"ஐயோ, அதுக்கு எந்த மாட்ட அறுத்தாங்க?"

"எதையும் அறுக்கலம்மா. மாட்டோட மரபணுவ ஒரு கிருமிக்குள்ள வெச்சுட்டா, அந்தக் கிருமியே செஞ்சு குடுத்துரும்."

"மாட்டையே பாக்காத கிருமியா? பால் இல்லாம தயிர் தோய்ச்ச கதையா இருக்கு!"

அம்மா சிரித்தாள். லாரிக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். பசு திரும்பி வராது என்று ரூபினி முதலிலேயே சொல்லியிருந்தாள். "உசுரு இருக்குல்ல, போதும்" என்றாள் அம்மா. ஆனாலும் கொட்டகையில் கயிற்றை அவிழ்க்கவில்லை.

அந்தப் புரதத்தில் ஒரு குப்பிதான் மிச்சம் இருந்தது. அடியில் ஒட்டிய கொஞ்சம் வெள்ளைப் பொடி. அடுத்தது வெளிநாட்டிலிருந்து வர வாரக்கணக்காகும். அதைக் கரைக்க வேண்டிய நேரம் பார்த்து அம்மாவுக்குக் காய்ச்சல். புதிதாகச் சேர்ந்த நஜ்வாவிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு ரூபினி ஊருக்கு ஓடினாள். நஜ்வாவின் வாப்பா கூலாய் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்.

அம்மாவின் நெற்றிக்குத் துணி நனைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அக்கா, கரைக்கிற தண்ணி சூடா இருக்கு லா. அப்படியே ஊத்தவா?"

"வேணாம். ஆத்திப் போடு."

"நல்லா ஆத்தவா?"

"நல்லா ஆத்து."

ரூபினி சொன்னது, ஆறவிட்டு ஊற்று என்று. தே தாரேக் என்னும் இழுத்த தேநீர் போடும் கடையில் வளர்ந்த பிள்ளைக்கு ஆத்துவதென்றால் ஒன்றுதான்: மேலே இழுத்துக் கீழே விட்டு, நுரை பொங்கப் பொங்க. புரதத்துக்கோ நுரை ஆகாது. நுரைத்தால் அதன் மடிப்பு கலைந்துபோகும். கலைந்த புரதம் எந்தச் செல்லையும் வளரச் சொல்லாது.

அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டு ரூபினி திரும்பியபோது நஜ்வா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"பிப்பெட்டால இழுத்து இழுத்து விட்டேன்கா. நுரை என்னா அழகு! வாப்பா பாத்திருந்தா கடைக்கே வந்துருன்னு…"

ரூபினி மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். ஏற்கெனவே நோஞ்சான் செல்கள். எல்லாம் சுருண்டு, பிடி விட்டு, மிதந்துகொண்டிருந்தன. தட்டை மாற்றினாள். அடுத்ததிலும் அப்படித்தான்.

"அலமாக்… ஐயோ, நான் கொன்னுட்டேனாக்கா?"

"நான் சொன்னதத்தானே நீ செஞ்ச" என்றாள் ரூபினி.

அந்த ஞாயிறு அவள் போனுக்குக் காத்திருக்கவில்லை. நேரில் போனாள். கேட்டைத் திறக்கும்போதே அம்மா முகத்தைப் படித்துவிட்டாள்.

"போயிட்டாளா?"

ரூபினி நடந்ததைச் சொன்னாள்.

"ஒரு சொல்லுலயா போனா," என்றாள் அம்மா கடைசியில். பிறகு, "அந்தப் புள்ளய ஏசுனியா?"

"இல்லம்மா."

"ஏசாத. அதுவும் அழுதிருக்கும்."

அம்மா கொட்டகைக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வந்தாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் நாற்காலியின் மேல் போட்டாள். பிறகு தேத்தண்ணி கலந்தாள். ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு இழுக்க உயர்த்திய கை, பாதியில் நின்றது.

அம்மா குவளையை மெல்ல மேசையில் வைத்தாள். ஆவி போய்க்கொண்டிருந்தது. அது தானாக ஆறும்வரை இரண்டு பேரும் தொடவில்லை.