கண்ணாடி அறையிலிருந்து ஐந்துக்கு ஐந்து

ஆட்டம் தொடங்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது. சிம்பாங் பூலாய் பக்கம் கிந்தா வேங்கைகள் காற்பந்துக் கழகம் கட்டியிருக்கும் புது அரங்கின் மேல்மாடிக் கண்ணாடி அறையில் தேவன் இரண்டாவது தட்டு சத்தே இறைச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கடலைக் குழம்பு சட்டையில் சிந்தாதபடி நன்றாகக் குனிந்து சாப்பிட்டான். சட்டை கழகம் கொடுத்தது. இருக்கையும் கழகம் கொடுத்ததுதான். வெளியே அவன் கார் நிற்கிற நிழலையும் கழகமே கொடுத்திருந்தது.

தேவன் ஈப்போவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். ஏழு வருடங்களுக்கு முன் ‘கேலரி’ என்று பேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கினான். லீக்கில் உள்ள பத்துக் கழகங்களின் அரங்குகளுக்கும் போவான். இருப்பதிலேயே மலிவான சீட்டைச் சொந்தக் காசில் வாங்கி, வெயிலில் உட்கார்ந்து பார்ப்பான். இடைவேளையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கழிப்பறை வரிசையில் நிற்பான். ‘பதினெட்டு நிமிடம் நின்றேன். உள்ளே போனால் தண்ணீர் இல்லை. ஐந்துக்கு ஒன்று’ என்று எழுதுவான். ஆட்டப் பருவம் முடியும் நேரத்தில், குடும்பத்தோடு போகலாமா, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று பார்த்துக் கழகங்களை வரிசைப்படுத்துவான். அவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவன் எழுத்தை நாற்பதாயிரம் பேர் நம்பினார்கள்.

போன வருடம் வேங்கைகள் கழகத்தின் ஊடக அதிகாரி அஸ்லான் அந்தப் பக்கத்துக்குச் செய்தி அனுப்பி அவனைக் கூப்பிட்டான். “ஏண்ணே வெயில்ல காயுறீங்க? மேல வந்து பாருங்க லா.” மேலே போனவன் பிறகு கீழே இறங்கவே இல்லை. ‘காசா வாங்கினேன்? ஒரு சீட்டுதானே!’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நம்மில் பல பேர் ஏதாவது ஒரு நாள் இப்படிச் சொல்லித் தப்பித்துக்கொண்டவர்கள்தாம்.

இந்த வருடப் பட்டியலில் வேங்கைகளுக்கு முதலிடம். அறைக்குள்ளேயே இருந்த கழிப்பறை மணத்தது, அதற்கு ஐந்து. அவன் ஏறி வந்த லிஃப்ட் அகலமாக இருந்தது, ஆகவே சக்கர நாற்காலி வசதிக்கும் ஐந்து. மலிவு சீட்டுக்காரர்கள் உட்காரும் கேலரிப் படிகளை இந்தப் பருவத்தில் அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் பாதி முடியப் போகும் நேரத்தில் அஸ்லான் வந்தான். “அண்ணே, உங்க பட்டியலப் படிச்சிட்டு சுங்காய்லேர்ந்து ஒரு குடும்பம் வந்திருக்காம். உங்க பேஜ்லயே எழுதியிருக்காங்க. ஜி பிளாக், கடைசி வரிசை. ஒரு வீடியோ எடுத்துப் போட்டா சூப்பரா இருக்கும்.”

தேவனுக்குப் பெருமை தாங்கவில்லை. கைப்பேசியோடு இறங்கினான். கேலரிப் படிகளின் அடியில் ஒரு சக்கர நாற்காலி மடக்கிச் சாத்தப்பட்டிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறினான்.

கடைசி வரிசையில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பெயர் விக்னேஸ்வரி, கையுறைத் தொழிற்சாலையில் வேலை. பக்கத்தில் அவள் கணவன் சன்னாசி. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டத்தில் கித்தா வெட்டியவர், தோட்டத்துக் குழுவுக்குக் கோல்கீப்பர். இனிப்புநீர் வியாதியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆறு வருடத்துக்குப் பிறகு இன்றுதான் அரங்குக்கு வந்திருக்கிறார். அவர் மடியில் மனைவியின் துப்பட்டா விரிந்து கிடந்தது.

தேவன் கைப்பேசியைத் தூக்கினான். அவன் சட்டையில் இருந்த கழகச் சின்னத்தை விக்னேஸ்வரி பார்த்தாள்.

“படம் வேணாம் தம்பி. நீங்க கிளப்பு ஆளா? அந்த லிஃப்டக் கொஞ்சம் தொறந்து விடச் சொல்லுங்க. மேல உள்ளவங்களுக்கு மட்டுந்தான்னு வாசல்ல காவலுக்கு நிக்கிற ஜாகாக்காரரு விட மாட்டேங்கிறாரு. நாலு பேரு சேந்துதான் இவர இங்க தூக்கிட்டு வந்தாங்க. அவசரத்துக்குப் போற தண்டாஸும் கீழதான் இருக்கு. தூக்க ஆள் கூப்பிடப் போனேன். நான் வர்றதுக்குள்ள...”

அவள் பேச்சை நிறுத்தித் துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்தாள். சன்னாசி திடலையே பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளை, திடலில் யாரும் இல்லை.

தேவனுக்குப் புரிந்தது. சிமெண்டுப் படியில் அவர் காலடியில் இருந்த ஈரமும் தெரிந்தது. கைப்பேசியைப் பைக்குள் வைத்தான்.

“கேலரி பேஜ்ல நல்லா இருக்குன்னு போட்டிருந்தாங்களா அக்கா?” என்று கேட்டான். ஏன் கேட்டோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

“ஆமா, அதப் படிச்சிட்டுத்தானே வேன் புடிச்சி வந்தோம். ஆனா அவரு மேல தப்பு சொல்லக்கூடாது தம்பி. ஏழு வருசமாப் படிக்கிறேன். தண்ணி இல்லன்னா இல்லன்னு எழுதுற மனுசன். அவரு வந்தன்னிக்கு லிஃப்டு தொறந்திருந்திருக்கும்.”

அவள் திட்டியிருந்தால் தேவன் தாங்கியிருப்பான். முகம் கொதித்தது. காதுவரை சுட்டது.

“அக்கா, அது நான்தான். நான்தான் எழுதினேன்.”

விக்னேஸ்வரி அவன் சட்டையை மறுபடியும் பார்த்தாள். சன்னாசிதான் மெதுவாகத் திரும்பினார்.

“எங்க உக்காந்து பாத்து எழுதுனீங்க?”

தேவன் கையை உயர்த்தி மேலே தெரிந்த கண்ணாடி அறையைக் காட்டினான். சன்னாசி அதை அண்ணாந்து பார்த்தார்.

“அங்கேர்ந்து பாத்தா பந்து நல்லாத் தெரியும். எங்களத்தான் தெரியாது.”

தேவன் காருக்கு ஓடினான். கோயிலுக்கென்று வைத்திருந்த வேட்டியை எடுத்து வந்தான். “மேல நல்ல தண்டாஸ் இருக்கு அண்ணே, லிஃப்டுல கூட்டிட்டுப் போறேன்” என்றான். சன்னாசி வேண்டாமென்று தலையாட்டிவிட்டார். “ஈரத்தோட அங்க வந்து நிக்க எனக்கு வெக்கமா இருக்கு. வேட்டியக் குடுங்க, போதும்.”

முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து முதுகைக் காட்டி நின்று மறைத்துக்கொண்டார்கள். தேவனும் அவர்களோடு நின்றான். முதுகுக்குப் பின்னால் ஈரத்துணி உரசும் சத்தம் கேட்டது. நாற்பதாயிரம் பேர் ஒன்றாய்ச் சேர்ந்து ஏசியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

இரண்டாவது பாதியை அவன் அந்தச் சூடான படியில் உட்கார்ந்து பார்த்தான். அஸ்லான் மூன்று முறை அழைத்தான். நான்காவது முறை எடுத்தான்.

“என்ன அண்ணே, வீடியோ என்னாச்சு? பெரியவங்க கேக்குறாங்க லா.”

“வீடியோ இல்ல அஸ்லான். இனிமே எனக்கு சீட்டும் வேணாம்.”

“ஒரு சீட்டுக்கு ஏண்ணே இவ்ளோ பெருசா பேசுறீங்க?”

“அந்த ஒரு சீட்டுலதான் என் கண்ணு போச்சு” என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தான்.

ஆட்டம் முடிந்ததும் சன்னாசியை இறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. மூன்று பேர் வந்துவிட்டார்கள். தேவன் நான்காவதாகத் தோள் கொடுத்தான். சன்னாசி வேண்டாம் என்று சொல்லவில்லை, அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை. இறங்கும்போது தேவன் ஒவ்வொரு படியாக எண்ணினான். நாற்காலியில் உட்கார வைத்த பிறகு விக்னேஸ்வரி மட்டும் சொன்னாள்: “இனிமே எழுதுனா, எங்க பக்கத்துல உக்காந்துட்டு எழுதுங்க தம்பி.”

அன்று மாலையே அவன் பட்டியலைத் திருத்தினான். வேங்கைகளின் முதலிடத்தை அடித்துவிட்டு, யார் பெயரையும் சொல்லாமல், கீழே இப்படி எழுதினான்:

‘சக்கர நாற்காலி வசதி: முப்பத்திரண்டு படி. ஐந்துக்குப் பூஜ்யம். ஓசி சீட்டில் உட்கார்ந்து நான் ஐந்து போட்டேன். என்னை நம்பி வந்த ஒரு மனிதர் இன்று ஊர் பார்க்கக் கூனிக் குறுகிப் போனார். கையில் காசு வாங்கினால்தான் லஞ்சம் என்று நினைத்திருந்தேன். இலவசமாய் வாங்கிய இருக்கையும் லஞ்சம்தான். பிறருக்காகப் பார்த்துச் சொல்கிறவன், அவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதைச் செய்யாத எனக்கும் இந்த வருடம் ஐந்துக்குப் பூஜ்யம்தான்.’