ரப்பர் வளையம்

"விடு. தின்னர் வேணாம்" என்றான் அவன்.

அக்காவின் மகள் கேட்கவில்லை. பஞ்சை நனைத்து நனைத்து அம்மாவின் வலது கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடு அறையில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். அறை முழுக்கப் பெயின்ட் கடை வாசம்.

"நகமெல்லாம் பச்சையா இருக்கு மாமா. பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

"உங்கம்மா கைன்னு நெனைப்பாங்க. விடு."

பஞ்சை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். துடைக்கிற சாக்கில் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தான். நடுவிரல் நுனியில் மிளகளவு வெள்ளைத் தழும்பு. ஓரம் தடித்து, நடுவில் குழிந்திருந்தது. பக்கத்து விரலில் இன்னொன்று, பழுப்பாக. உள்ளங்கையில் மூன்று. பசைத் துப்பாக்கி சுட்டது, காய்ச்சிய கம்பி சுட்டது, துருவெடுக்கிற திராவகம் தெறித்தது. அக்காவின் கையில் எப்போதும் இருபது காயம் இருக்கும். இதில் எது நேற்று இருந்தது, எது இன்று காலை வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்டர் கையைப் பார்க்கவேயில்லை. நெஞ்சில் குழாயை வைத்தார், பிரஷர் மாத்திரை சாப்பிடுவாரா என்று கேட்டார், மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வந்தவர்கள் எல்லாரும் அத்தானிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அத்தானும் ஒரே பதிலைச் சொன்னார்.

"அஞ்சு மணிக்கே எழுந்து கடைக்குப் போறேன்னா. ஏன்டின்னு கேட்டேன். தூக்கம் வரலைன்னா. டீ கூடக் குடிக்கல."

நான்காவது முறை அதைக் கேட்டபோது அவன் எழுந்து வாசலுக்குப் போனான். மயான வண்டி மூன்று மணிக்கு வரும் என்றார்கள். மணி பன்னிரண்டரை.

கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. முன்னால் கடை, பின்னால் பட்டறை. உடைந்த ஸ்கூட்டர், பழைய ஜன்னல், தண்ணீர்க் குழாய், தையல் மெஷின் கால் என்று எதையும் அக்கா எடை போட்டு வாங்கிவருவாள். ஜன்னல் சட்டம் கண்ணாடியாகும். சைக்கிளின் பல்சக்கரம் சுவர்க் கடிகாரமாகும். தண்ணீர்க் குழாய் மேசை விளக்காகும். விளக்குகளுக்கு ஒயர் போடுவது அவன் வேலை. ஆறு வருஷம் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துவிட்டு, ஒரு விடியற்காலையில் பாதியிலேயே எழுந்து வந்தவன் அவன். அக்கா காரணம் கேட்கவில்லை. கையில் குறடைக் கொடுத்தாள். "உக்காந்து சாப்பிட்டா மலையே கரையும், நீ என்ன பெரிய மலையா" என்றாள். வாடிக்கைக்காரர்களிடம், "உருவம் நான் செய்வேன், உசுரு இவன் குடுப்பான்" என்பாள்.

அவளுக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. பல்பைத் தவிர எதையும் புதிதாக வாங்கக் கூடாது. ஒயர்கூடப் பழைய சாமான்களிலிருந்து உருவியதுதான். பெரும்பாலும் இரண்டு இழைதான் கிடைக்கும், எர்த்துக்கு இழை இருக்காது. அதனால் அவன் ஒன்றில் மட்டும் கவனமாக இருப்பான். இரும்புக் குழாயில் ஒயர் நுழைகிற துளையின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அங்கே ஒரு ரப்பர் வளையம் வைக்காவிட்டால் ஒயரின் தோல் அறுந்து விளக்கு முழுக்கக் கரண்ட் ஏறிவிடும். தேய்ந்த ரப்பர் செருப்புகளை வெட்டி அந்த வளையங்களைச் செய்வான்.

போன வாரம் ஸ்கூட்டர் முன்விளக்கை வைத்து மூன்று மேசை விளக்குகள் செய்தார்கள். அன்றைக்குப் பார்த்துப் பட்டறையில் ஒரு பழைய செருப்புகூட இல்லை. காலில் கிடந்ததை வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை. மூன்று துளைகளிலும் கறுப்பு டேப்பை நாலு சுற்றுச் சுற்றினான். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அக்காவிடம் சொல்லவில்லை.

ஒன்று பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போனது. ஒன்று ஒரு டீச்சர் வீட்டுக்கு, அவர் மகளின் படிக்கிற மேசைக்கு. ஒன்று பட்டறையிலேயே இருந்தது.

காலையில் ஆறேகாலுக்கு அவன் போனபோது கடையின் ஷட்டர் பாதி ஏறியிருந்தது. மேசையின் காலடியில் அக்கா ஒருக்களித்துக் கிடந்தாள், வெறுங்காலோடு. பக்கத்தில் அந்த விளக்கு. அவன் முதலில் அக்காவைத் தொடவில்லை. சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினான். அதற்குப் பிறகுதான் மண்டியிட்டு அவளைப் புரட்டினான். சுவிட்ச் போட்டிருந்ததா, அணைந்திருந்ததா? எத்தனை முறை யோசித்தாலும் அந்த இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அத்தான் ஓடிவருவதற்குள் விளக்கைச் சைக்கிள் செயின் மூட்டைக்குப் பின்னால் தள்ளியிருந்தான். ஏன் தள்ளினான் என்று மட்டும் தெரிந்தது.

பொழுது சாய்ந்தால் எல்லா வீட்டிலும் விளக்கைப் போடுவார்கள்.

அக்காவின் போனை அலமாரியிலிருந்து எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். அதில்தான் வாடிக்கைக்காரர்களின் நம்பர் எல்லாம் இருந்தது. "கடையைப் பூட்டிட்டு வந்துடறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினான்.

கிளினிக்கில் யாரும் காத்திருக்கவில்லை. உள்ளே பல் ராவுகிற சத்தம். வரவேற்பு மேசையில் இருந்த பெண் டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

"வாங்கண்ணா. அக்கா வரலியா? காலைலயே வர்றேன்னாங்க."

அவன் மேசையருகே வந்தான்.

"எதுக்கு வர்றேன்னா?"

அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயய்யோ. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்களே."

"பரவால்ல. சொல்லு."

"நேத்து சாயங்காலம் துடைக்கறப்ப கையில சுர்ருன்னுச்சுண்ணா. டாக்டர் அக்காவுக்கு போன் போட்டாரு. நாந்தான் பேசினேன். உடனே பிளக்கைக் கழட்டி வெச்சிடு, யாரும் தொடாதீங்க, காலைல வந்து எடுத்துக்கறேன்னாங்க. அதே மாதிரி ஒண்ணு கடையிலயும் இருக்கு, விடிஞ்சதும் அதை மொதல்ல போட்டுப் பாக்கறேன்னாங்க." அவள் சிரித்தாள். "தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா, ரெண்டு நாளைக்குச் சோறு திங்க மாட்டான், அவனுக்குத் தெரியாம நானே சரி பண்ணிடறேன்னாங்க. நல்ல அக்காண்ணா. எங்கக்காவா இருந்தா ஊரையே கூட்டியிருப்பா."

கதவுக்குப் பின்னால் விளக்கு நின்றது. அதன் மேல் ஒரு காகிதம் ஒட்டி 'தொடாதே' என்று எழுதியிருந்தார்கள். தரையில் உட்கார்ந்து அதைக் கவிழ்த்தான். துளையின் விளிம்பில் டேப் கிழிந்திருந்தது. கிழிசலுக்குள் செம்பு மினுங்கியது.

கால்சட்டைப் பையில் எப்போதும் கிடக்கிற குறடால் ஒயரை அடியோடு வெட்டினான். துண்டை மடித்துப் பையில் போட்டான்.

"அக்கா நல்லாருக்காங்கல்ல?" என்றாள் அந்தப் பெண்.

"நீ சாப்பிடு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

நடைபாதையில் நின்று அக்காவின் போனைத் திறந்தான். டீச்சரின் நம்பரைத் தேட வேண்டியிருக்கவில்லை. முந்தைய நாள் பட்டியலில் கடைசியாக அதுதான் இருந்தது. இரவு ஒன்பது பத்துக்கு ஒரு முறை. ஒன்பது நாற்பதுக்கு ஒரு முறை. இரண்டையும் எதிர்முனையில் எடுக்கவில்லை. அவனுடைய நம்பருக்கு ஒரு அழைப்பும் இல்லை.

டீச்சரைக் கூப்பிட்டான். போனை அணைத்து வைத்திருந்தார். பள்ளி முடியும்வரை அப்படித்தான் இருக்கும். விளக்கைத் தொட வேண்டாம் என்று செய்தி அனுப்பினான். போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. எந்தப் பள்ளி என்றும் தெரியாது. வீடு மட்டும் தெரியும். இரண்டு பஸ் மாற வேண்டும். மூன்று மணிக்கு அக்காவோடு கிளம்பினால் எல்லாம் முடிந்து திரும்ப ஏழாகும். அந்தச் சிறுமி அதற்குள் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்திருப்பாள்.

பஸ் நிறுத்தத்துக்கு ஓடினான். பஸ்ஸில் ஏறிய பிறகு அவனுடைய போன் அடித்தது.

"எங்கடா இருக்க?" அத்தானின் குரல் கம்மியிருந்தது. "எல்லாரும் உன்னையே கேக்கறாங்க. வண்டிக்காரன் கிளம்பிட்டானாம்."

"அத்தான், என்னை எதிர்பாக்காதீங்க. நீங்க எடுத்துடுங்க."

"என்ன பேசற நீ? கூடப் பொறந்தவன்னு அவளுக்கு இருக்கறதே நீ ஒருத்தன்தான். புத்தி கெட்டுப் போச்சா?"

"ஒரு விளக்கைக் கழட்டணும். சின்னப் புள்ளை மேசையில இருக்கு. நான் போட்ட ஒயர் சரியில்ல அத்தான். தொட்டா அடிக்கும்."

எதிர்முனையில் நாற்காலிகளை நகர்த்துகிற சத்தம் கேட்டது. யாரோ தண்ணீர் கேட்டார்கள். யாரோ குழந்தையை அதட்டினார்கள்.

"காலைல அவ கடைக்குப் போனது..." என்றார் அத்தான். முடிக்கவில்லை.

"ஆமா அத்தான்."

கதவைச் சாத்துகிற சத்தம்.

"வந்து பேசிக்கலாம்" என்றார். "மொதல்ல அதைக் கழட்டு."

டீச்சரின் வீடு மூன்றாவது மாடி. பூட்டியிருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்தான். மணி மூன்றரை. இந்நேரம் தெருமுனை தாண்டியிருப்பார்கள். யார் யார் தூக்கியிருப்பார்கள் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தான். அவன் நிற்க வேண்டிய இடத்தில் யாரை நிறுத்தியிருப்பார்கள் என்பதில் வந்து நின்றது. போனைப் பார்த்தான். யாரும் கூப்பிடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

எதிர்வீட்டுப் பெரியவர் இரண்டு முறை கதவைத் திறந்து பார்த்தார். மூன்றாவது முறை கேட்டே விட்டார்.

"யாருப்பா நீ? ஒரு மணி நேரமா உக்காந்திருக்க."

"விளக்கு ரிப்பேருங்க."

"கூப்பிட்டா ஒரு மாசம் கழிச்சு வர்ற ஆளுங்கதானே நீங்க? இதென்ன அதிசயம், வந்து காத்துக் கெடக்கற?"

அவன் டீச்சரின் நம்பரை மறுபடி கூப்பிட்டான், போன் இன்னும் அணைந்தே இருந்தது. பெரியவர் கதவைத் தாழிட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது.

ஐந்து மணிக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முன்னால் சிறுமி, எட்டு வயதிருக்கும். பின்னால் மூச்சு வாங்க டீச்சர்.

"நீங்க விளக்குக் கடைத் தம்பிதானே? இங்க எங்க..."

"அந்த விளக்கு, அதைக் கொஞ்சம் பாக்கணும்."

டீச்சர் பூட்டைத் திறந்தார். கதவு பாதி திறக்கும்போதே சிறுமி கையிடுக்கில் நுழைந்து உள்ளே ஓடினாள். "ஒத்தைக்கண்ணனையா? நான் போட்டுக் காட்டறேன்!"

"தொடாதே!"

படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. செருப்போடு உள்ளே பாய்ந்தான். டீச்சரின் தோளில் இடித்தது தெரிந்தது, நிற்கவில்லை. அறைக்குள் சிறுமியின் கை விளக்கின் கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பின்னாலிருந்து புத்தகப் பையைப் பிடித்து இழுத்தான். அவள் கட்டிலில் போய் விழுந்தாள். பிளக்கைப் பிடுங்கி, ஒயரைக் கையில் சுருட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தான்.

சிறுமி அழ வாயெடுத்து, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"என்ன ஆச்சு?" டீச்சர் வாசற்படியிலேயே நின்றார். "அவளுக்கு ஏதாவது..."

"ஒண்ணுமில்ல. ஒயர் சரியில்ல. நான்தான் சரியா போடல."

டீச்சர் மகளின் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "நேத்து ராத்திரி உங்கக்கா ரெண்டு தடவை கூப்பிட்டிருந்தாங்க. பாத்தேன், அசதில காலைல பேசிக்கலாம்னு விட்டுட்டேன். இதுக்குத்தானா?" என்றார்.

"ஆமா. இதுக்குத்தான்."

"பாவம், தப்பா எடுத்துக்கலையே? நான் வேணா இப்ப கூப்பிட்டுப் பேசறேன்."

"வேணாம்மா."

அவன் விளக்கைத் தூக்கினான். சிறுமி வழியை மறித்துக்கொண்டாள்.

"திருப்பித் தருவீங்களா? அந்த ஆன்ட்டி கொண்டு வருவாங்களா?"

"நான் கொண்டு வரேன்."

"எப்போ?"

"செருப்பு கிடைச்சதும்."

அவள் அதை நம்பலாமா என்று யோசித்தாள். பிறகு குளியலறைக்குப் போய்த் தன்னுடைய துவாலையை எடுத்து வந்தாள். பஸ்ஸில் கீறல் விழுந்துவிடும் என்று சொல்லி, விளக்கின் தலையிலிருந்து அடிவரை சுற்றி, முனையை உள்ளே செருகிக் கொடுத்தாள்.

திரும்புகிற பஸ்ஸில் வேலை முடிந்த கூட்டம். பிடிக்கக் கம்பி இல்லை. இரண்டு கையாலும் விளக்கை மார்போடு சேர்த்துக்கொண்டு நின்றான். போன் அடித்தது. எடுக்கக் கை இல்லை. அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

ஒரு திருப்பத்தில் பஸ் உலுக்கியபோது, ஜன்னலோரத்தில் இருந்த நடுவயதுப் பெண் துவாலையைப் பார்த்துவிட்டுச் சட்டென எழுந்தாள்.

"புள்ளைய வெச்சுக்கிட்டு நிக்கறீங்களே. உக்காருங்க, உக்காருங்க. தூங்குதா?"

அவன் வாயைத் திறந்தான். பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. உட்கார்ந்தான்.

"தலையைப் பிடிச்சுக்கோங்க" என்றாள் அந்தப் பெண்.

அவன் துவாலைக்கடியில் கையைக் கொடுத்துத் தலையைத் தாங்கிக்கொண்டான்.