இடது முன்சக்கரத்தின் நாலாவது போல்ட்

பந்தய வண்டியை வடிவமைத்தவளை அந்தப் பணிமனையில் எல்லாரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியை ஓட்டும் சின்னவன் அவள் கணவனின் தம்பி. அவன் கூப்பிட்டு, மெக்கானிக்குகளும் கூப்பிட்டு, கடைசியில் அவளைவிட வயதில் எவ்வளவோ மூத்த முதலாளிக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். சின்னவனின் தோளையும் இடுப்பையும் அளந்து, ஒரே ஒரு இருக்கை வைத்து அவள் வரைந்த வண்டி இன்று முதல்முறையாகப் பந்தயத்தில் இறங்குகிறது. நேற்றைய தகுதிச் சுற்றில் மூன்றாவது இடம், அதனால் இன்று மூன்றாவதாக நின்று கிளம்பலாம். புது வண்டிக்கு அது லேசுப்பட்ட காரியமில்லை.

ஆனாலும் இன்று காலை ஒரு வேலை மிச்சமிருந்தது. இடது முன்சக்கரத்தின் சாய்வைக் கடைசி நேரத்தில் கொஞ்சம் மாற்ற வேண்டியிருந்தது. ஆள் போதவில்லை என்று, அந்தச் சக்கரத்தைத் தாங்கும் நாலு போல்ட்டையும் திரும்ப முடுக்க அவளே ஸ்பேனரை எடுத்தாள். போதுமான அளவு முடுக்கியதும் அந்த ஸ்பேனர் 'டிக்' என்று சொல்லும். உடனே போல்ட்டின் தலைமேல் சிவப்பு மையில் ஒரு கோடு போட வேண்டும். கோடு இருந்தால் முடுக்கியாயிற்று என்று அர்த்தம், அப்புறம் யாரும் அதைத் தொட மாட்டார்கள். படம் வரைந்தே பழகியவள் அல்லவா, இவள் தலைகீழாகச் செய்தாள். நாலு போல்ட்டிலும் முதலில் அழகாகக் கோடு போட்டுவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாக முடுக்க ஆரம்பித்தாள். மூன்று முடிந்தபோது மாமியார் போன் செய்தார்.

"வண்டில பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்களாமே. நீயாவது கூடப் போகக் கூடாதா?"

"ஒரு சீட்டுதான் அத்தை."

"நீதானேம்மா செஞ்ச? இன்னொண்ணு வச்சிருக்கலாம்ல?" அப்புறம் குரல் இறங்கியது. "அவன நல்லபடியாக் கூட்டிட்டு வந்துடு. உன்னத்தான் நம்பியிருக்கேன்."

சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். அதன்பிறகு கையைத் துடைத்தது ஞாபகம் இருக்கிறது.

வண்டிகள் வரிசையில் நின்றன. சின்னவனின் சீட் பெல்ட்டைச் சரிபார்க்கக் குனிந்தபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலாவது போல்ட்டை முடுக்கினோமா? மூன்று 'டிக்' காதில் இருக்கிறது. நாலாவதை மண்டையை உடைத்துக்கொண்டு தேடியும் காணவில்லை. கோடு இருக்கும், இல்லாமல் எங்கே போகும்? அவள் போட்ட கோடுதானே.

இப்போது போல்ட்டுகளை மறைத்திருக்கும் மூடியைக் கழற்றினால், விதிப்படி வண்டியைப் பணியறைக்குத் தள்ளிக்கொண்டு போய், எல்லாரும் கிளம்பிய பிறகு கடைசியாகத்தான் விட முடியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. வேகமான வளைவில் சக்கரம் கழன்றால் மட்டும்தான் தெரியும்.

தலைமை மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னாள். முதுகுக்குப் பின்னால் எல்லாரும் ஊமைக்கோட்டான் என்று சொல்லும் அந்த மனிதர், உடனே ஆட்களைக் கைகாட்டி அழைத்தார். முதலாளி ஓடி வந்தார்.

"அதான் கோடு இருக்கே. இந்த நேரத்துல தலையில குண்டத் தூக்கிப் போடுறீங்களே அண்ணி."

"கோடு நான் போட்டது. முடுக்குறதுக்கு முன்னாடியே போட்டுட்டேன்."

முதலாளி அவளைப் பார்த்த பார்வையை எழுதாமல் இருப்பதே மரியாதை. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சின்னவன் மெதுவாகச் சொன்னான். "மூணாவது இடம் அண்ணி."

"தெரியும்டா. தள்ளிட்டுப் போறோம்."

பணியறையில் மூடியைக் கழற்றி மெக்கானிக் ஸ்பேனரை வைத்தார். டிக். போல்ட் இம்மியும் நகரவில்லை. காலையிலேயே ஒழுங்காக முடுக்கப்பட்டிருந்தது.

எல்லாருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்கு நிம்மதிகூட வரவில்லை, அவமானம்தான் வந்தது. சின்னவன் ஒரு வார்த்தை பேசாமல் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கினான். எதற்கெடுத்தாலும் கிண்டல் பேசுகிறவன் அவன். செய்தவளே நம்பாத வண்டியை இனி இவன் எப்படி நம்புவான் என்று அவள் பயந்தாள். சந்தேகம் வந்துவிட்டால் கால் தானாகவே முன்கூட்டி பிரேக்கை மிதிக்கும். அப்புறம் அது பந்தயம் இல்லை, ஊர்வலம்.

கடைசியாகக் கிளம்பினான். பெரிய வலது வளைவில் மொத்தப் பாரமும் இடது முன்சக்கரத்தில் இறங்கும். ஒவ்வொரு சுற்றிலும் வண்டி அங்கே வரும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். எண்களைப் படிக்கத் தெம்பில்லை, வண்டி வளைந்து வெளியே வந்தால் போதும் என்றிருந்தது. வந்துகொண்டே இருந்தது. ஒன்பதாவதாக முடித்தான்.

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அவளைப் பார்க்காமலே தண்ணீர் குடித்தான்.

"மூணாவது இடம் போச்சு."

"ஆமாடா. என்னாலதான்."

"சுத்துக்குச் சுத்து உங்களத் திட்டிக்கிட்டேதான் ஓட்டுனேன் அண்ணி. அந்தப் பெரிய வளைவுலகூட வாய்க்கு வந்தபடி திட்டுனேன்." பாட்டிலை மூடினான். "சக்கரம் கழண்டுடுமோன்னு அங்க பயப்படணும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க. இப்ப இறங்குனப்புறம்தான் தோணுது."

அவள் பக்கத்தில் அடுக்கியிருந்த டயர்மேல் உட்கார்ந்து, முதலாளி பார்க்கிறார் என்றுகூட நினைக்காமல், தேம்பித் தேம்பி அழுதாள்.