வினைமுற்று இல்லாத கவிதை

தையல் மிஷினின் முன்கால்கள் அறைக்குள் வந்துவிட்டன. பின்கால்கள் வாசற்படியில் மாட்டிக்கொண்டன. தையல்காரி ஊசி ஒரு பக்கமும் அவள் அண்ணனின் நண்பரான அச்சகக்காரர் மறுபக்கமும் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள்.

"அத்தை, உங்களுக்கு என்ன ஆச்சு? அப்பாவுக்கு அமைதி வேணும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?" அண்ணன் மகள் கிசுகிசுத்தாள். அவள் தமிழ் டீச்சர். கிசுகிசுத்தால்கூடக் கடைசி பெஞ்சுவரை கேட்கும்.

"டாக்டர் சொன்னாரு. உங்கப்பா சொன்னாரா? கேளு."

கட்டிலில் கிடந்த அண்ணன் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நாலு நாளா இந்த வீட்டுல ஒரு பாத்திரம்கூட விழல. செத்த வீடு மாதிரி இருக்கு."

அச்சகக்காரருக்கு வந்த சிரிப்பில் மிஷின் தானாகவே உள்ளே வந்துவிட்டது.

ஊசி என்பது அவளுடைய உண்மையான பெயர் அல்ல. தையல் கற்றுக்கொள்வதற்கு வெகுநாள் முன்பே, அவள் வாய்க்காக அண்ணன் வைத்த பெயர். அவர் லேத் பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் இரும்பைக் கடைந்தவர். கவிதையும் அங்கேதான் தொடங்கியது. சத்தம் இல்லாவிட்டால் அவருக்கு ஒரு வரியும் வராது. ஒருமுறை அச்சகக்காரர், நண்பர் நிம்மதியாக எழுதட்டும் என்று, ஆள் அரவமில்லாத மலை பங்களா ஒன்றில் ஒரு வாரம் தங்க ஏற்பாடு செய்தார். அண்ணன் இரண்டாம் நாளே திரும்பிவிட்டார். "அங்க என் மூச்சு மட்டும்தான் கேக்குது. அதை வச்சு என்னத்தை எழுதுறது?"

மனைவி இறந்த பிறகு தங்கை வீட்டுக்கே வந்துவிட்டார். அவள் தைக்கும் அறையில், மிஷினுக்கு எதிரே ஒரு முக்காலி. அளவு வெட்ட வைத்திருக்கும் பழுப்புத் தாளில் ஒரு துண்டு, கட்டைவிரல் நீளத்துக்குத் தேய்ந்த பென்சில். துணி கொடுக்க வருகிறவர்கள் பேசுவதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வார். காலையில் இருபது வரி எழுதுவார். சாயங்காலத்துக்குள் பதினேழை அடித்துவிடுவார். "நீ தைக்கிறே, நான் பிரிக்கிறேன். ரெண்டும் ஒரே தொழில்தான்" என்பார். ஒரு சொல்லோடு மூன்று வாரம் மல்லுக்கட்டுவார். ஆனால் அதற்காக ஒரு வேளைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டதாகச் சரித்திரம் இல்லை.

நான்கு நாளைக்கு முன்னால் மருத்துவமனையில், இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வந்ததும் மகள் அழைப்பு மணியின் வயரைப் பிடுங்கினாள். குக்கரைத் தூக்கிப் பரணில் வைத்தாள். எல்லோரும் பூனை நடை நடந்தார்கள். இன்று காலைதான் அண்ணன் தங்கையின் கையைப் பிடித்து, "ஒரு கவிதை பாக்கி நிக்குது, ஊசி. மிஷினைக் கொண்டுவா" என்றார்.

ஊசி ஒரு பள்ளிக்கூடச் சட்டையின் கையை எடுத்துவைத்து மிதிக்கத் தொடங்கினாள். கடகடவென்ற சத்தம் அறையில் நிறைந்ததும் அண்ணன் முகம் தெளிந்தது. மகள் தலையணையை உயர்த்தி அவரைச் சாய்த்து உட்காரவைத்தாள்.

"நீ வேற எங்கயும் பாக்காத. தைச்சுக்கிட்டே இரு" என்றார் ஊசியிடம்.

"நான் தைக்கிறதுக்கும் உன் கவிதைக்கும் என்ன சம்பந்தம்?"

"சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். சரி, இனிமே என்ன." அவர் கொஞ்சம் மூச்சு எடுத்துக்கொண்டார். "நான் வரியை வாய்விட்டுப் படிப்பேன்ல? உன் கால் நின்னுச்சுன்னா அந்த வரி நல்ல வரி. வச்சுக்குவேன். நிக்கலைன்னா அடிச்சிடுவேன்."

ஊசியின் கால் நின்றது.

"எத்தனை வருஷமா?"

"இங்க வந்ததுல இருந்து. பதினாறு வருஷம்."

அவர் தனக்குத்தானே படித்துக்கொள்கிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கவிதை நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. "ம்" கொட்டுவதோடு சரி. அவளுக்கு முகம் சூடேறியது. சட்டென்று வேறொன்று நினைவுக்கு வந்தது.

"ஐயோ, அண்ணா! அந்தப் பாலத்துக் கவிதை?"

அதுதான் பரிசு வாங்கியது. 'பாலம் வீட்டில்தான் இருக்கிறது, ஆறுதான் வெளியூர் போயிருக்கிறது' என்ற வரியை மேடையில் மூன்று பேர் வியந்து பேசினார்கள்.

"அதுக்கென்ன? டக்குன்னு நின்னியே!"

"அன்னைக்கு நூல் அறுந்துபோச்சு!"

 அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய, சத்தமே வராத சிரிப்பு. அச்சகக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "நூல் அறுந்ததுக்கா பரிசு குடுத்தாங்க!" மகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இருமல் வந்தது, தண்ணீர் கொடுத்தார்கள், இருமல் அடங்கியபின்னும் அவர் சிரித்தார்.

"சரி, வேலையைப் பாப்போம்" என்று பழுப்புத் தாளை எடுத்தார். ஊசி மிதித்தாள்.

"கொடியில் சட்டை. யாரையும் போட்டுக்கொள்ளாமல், கை வீசிப் பார்க்கிறது."

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. வேண்டுமென்றே நிறுத்திவிடக் கூடாது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இவ்வளவு நாள் தெரியாமல் சொன்ன உண்மையை இன்று தெரிந்து பொய்யாக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"கை வீசிப் பழகுகிறது."

ஓடியது.

அவர் பென்சிலால் எதையோ அடித்தார். மறுபடியும் முதலிலிருந்து, இந்த முறை மெதுவாக.

"கொடியில் சட்டை. யாரையும் போட்டுக்கொள்ளாமல், கை வீசி..."

அடுத்த சொல்லுக்காக ஊசி காத்தாள். வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பெடலின் மேல் அப்படியே நின்றிருந்தது.

"முடிஞ்சது" என்றார், குழந்தை போல் ஒரு முகத்தோடு. தாளை அச்சகக்காரரிடம் நீட்டினார். "ஊசி, நீ தை. நான் கொஞ்சம் கண்ணசர்றேன்."

அவள் தைத்தாள். சட்டையின் ஒரு கையை முடித்து மறு கையை வைத்தாள். வெயில் சன்னலிலிருந்து இறங்கித் தரைக்கு வந்திருந்தது. மகள் வந்து நாடியைத் தொட்டுப் பார்த்தாள்; பிறகு அத்தையின் தோளில் கை வைத்தாள். ஊசிக்குப் புரிந்தது. இன்னும் ஒரு சாண் தையல் பாக்கி இருந்தது. அதை முடித்து, முடிச்சுப் போட்டு, நூலைக் கத்தரித்தாள்.

மறுநாள் வந்தவர்களெல்லாம் செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றினார்கள். மகள்தான் எழுந்து, "யாரும் மெதுவாப் பேசாதீங்க. அப்பாவுக்குப் பிடிக்காது" என்றாள், வகுப்பறைக் குரலில். லேத் பட்டறை ஆட்களுக்கு அது போதும். இரும்புத்தூளில் விரலால் அவர் வரி எழுதியதையும், முதலாளி வந்ததும் ஊதிவிட்டு நல்ல பிள்ளையாக நின்றதையும் ஆளாளுக்குச் சொன்னார்கள். பட்டறை மனிதர்களுக்கு மெல்லப் பேசத் தெரியாது. தெருவே கேட்டது. ஊசி அழுதாள், நடுநடுவே சிரித்தாள். எப்போது எது வருகிறது என்று கவனிக்கவில்லை.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபின் அச்சகக்காரர் தாளை விரித்து மகளிடம் காட்டினார். "நாளைக்கே அச்சுக் கோக்கப் போறேன்."

"என்ன மாமா இது, வினைமுற்றே காணோம்? 'கை வீசி' என்ன பண்ணுது? இதை ஒரு பிள்ளை பரீட்சையில எழுதினா நான் மார்க் போட மாட்டேன்."

"உங்கப்பா பரீட்சையா எழுதினாரு?"

"முடிக்க முடியாமப் போச்சோ என்னவோ."

"முடிஞ்சதுன்னு அவரே சொன்னாரும்மா. உங்க அத்தையைக் கேளு."

இருவரும் ஊசியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஒரு சொல்லு சேர்த்தே, அச்சாபீசுக்கே வந்து உன் கையை ஒடிப்பேன்" என்றாள் அச்சகக்காரரிடம்.

"என்னை ஏன் மிரட்டுறே? டீச்சரைச் சொல்லு!"

அவரை வழியனுப்பப் போன மகள் தெருமுனையிலும் விடவில்லை. ஊசி வாசலில் நின்று பார்த்தாள். வாடகைக் கார் கதவு திறந்தே இருந்தது. அச்சகக்காரர் ஒரு காலை உள்ளே வைப்பார். மகள் ஏதோ சொல்வாள். அவர் காலை வெளியே எடுத்துப் பதில் சொல்வார். கடைசியில் ஓட்டுநரே இறங்கி வந்தார். அவர்களை அவசரப்படுத்தப் போகிறார் என்று நினைத்தாள். அவர் தாளைக் கேட்டு வாங்கி, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, காரின் மேல் சாய்ந்து படிக்க ஆரம்பித்தார்.