மணலில் கூடாரம் அடிக்கும் முறை

முத்துக்கனி மிஸ் என் நோட்டைத் தர மாட்டேன் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. முதல் தடவை நான் போய்க் கேட்டபோது பீரோ சாவி தலைமையாசிரியர் வீட்டில் இருக்கிறது என்றார். இரண்டாம் தடவை, நோட்டு மாவட்ட ஆபீஸுக்குப் போயிருக்கிறது என்றார். மூன்றாம் தடவை நான் போகவில்லை, அவரே எங்கள் கடைக்குக் கருப்பட்டி வாங்க வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "உன் நோட்டு பத்திரமா இருக்குளா, ஏன் பறக்கே" என்றார். பிறகு தட்டில் கிடந்த ஒரு கருப்பட்டிச் சில்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அது என்னுடைய லாக் புக். சாரணியர் படையில் இருக்கும் ஒவ்வொரு பெண்ணும் அப்படி ஒன்று எழுத வேண்டும். போட்ட முடிச்சு, நடந்த தூரம், கட்டிய கூடாரம், முடைந்த பெட்டி எல்லாவற்றையும் படம் வரைந்து எழுதி, மிஸ்ஸிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டு வருஷம் எழுதிய லாக் புக் இருந்தால்தான் கவர்னர் விருதுக்கான தேர்வு முகாமுக்குள் விடுவார்கள். என்னுடையது நூற்று நாற்பத்திரண்டு பக்கம்.

நான் சாரணியர் படையில் சேர்ந்ததற்குக் காரணம் சேவையும் இல்லை, நாட்டுப்பற்றும் இல்லை. எனக்கு இடது கைப் பழக்கம். வீட்டில் அதைப் பீச்சைக்கை என்பார்கள். அந்தக் கையால் சாப்பாட்டைத் தொட்டால் அம்மா புறங்கையில் கரண்டியால் தட்டுவாள். கடையில் அந்தக் கையால் பொட்டலத்தை நீட்டினால் வாங்க வந்தவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் என் இடது கையைப் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டிவிட்டு எழுதச் சொன்னார். எட்டாம் வகுப்பில் முத்துக்கனி மிஸ் சாரணியர் படை ஆரம்பித்த முதல் நாள், மைதானத்தில் நின்று எங்கள் ஒவ்வொருவரிடமும் இடது கையை நீட்டினார். சாரணியர் இடது கையைத்தான் குலுக்குவார்கள், அது இதயத்துக்குப் பக்கத்துக் கை என்றார். மற்ற பிள்ளைகள் வலது கையை நீட்டி, நாக்கைக் கடித்து, கையை மாற்றினார்கள். நான் மட்டும் முதலிலேயே சரியாக நீட்டினேன். அவர் என் கையைப் பிடித்த பிடி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் இதையெல்லாம் எழுதும்போது இத்தனை கோபம் வருகிறது.

ஒன்பதாம் வகுப்பில் கடற்கரையில் முகாம் போட்டோம். புத்தகத்தில் சொன்னபடி இரும்பு முளை அடித்தோம். மணலில் முளை நிற்கவே இல்லை. சாயங்காலக் காற்றில் எங்கள் கூடாரம் குடைபோல எழும்பிப் போய் முள்செடியில் மாட்டியது. மறுநாள் நான் பனைமட்டையை ஒரு முழத்துக்கு வெட்டி, அதன் நடுவில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, மட்டையைக் குறுக்காகப் படுக்கவைத்து மூடி மிதித்தேன். காற்று கயிற்றை இழுக்க இழுக்க மட்டை மணலை நெஞ்சோடு அணைத்துக்கொள்வதுபோல இறுகியது. மூன்று நாளும் எங்கள் கூடாரம் அசையவில்லை. அதை அறுபத்தோராம் பக்கத்தில் 'மணலில் கூடாரம் அடிக்கும் முறை' என்று தலைப்புப் போட்டு, நான்கு படங்களோடு எழுதினேன். படத்தில் இருக்கும் கைகளை என் கையைப் பார்த்துத்தான் வரைந்தேன். மிஸ் சிவப்பு மையில் 'அருமை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பத்தாம் வகுப்பு அரையாண்டு முடிந்த வாரம், அப்பாவின் பைக் வளைவில் கிடந்த தேரிச் செம்மணலில் சறுக்கிக் கால் இரண்டு இடத்தில் ஒடிந்தது. ஒரு மாதம் லீவு போட்டுவிட்டுக் கடையைப் பார் என்றார்கள். அந்த ஒரு மாதம் இரண்டு வருஷமாக முடியாமல் இருக்கிறது. தம்பி பள்ளிக்கூடத்துக்குப் போகிறான். அவன் போகட்டும், இவள் நிற்கட்டும் என்று யாரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணவில்லை. பேசியிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேனா என்பது வேறு விஷயம். எனக்கு நாலு பேர் முன்னால் குரல் வராது. பரீட்சை எழுதப் போனபோது வருகைப்பதிவு போதாது என்று பெயரை எடுத்துவிட்டிருந்தார்கள். எனக்கென்று மிச்சம் இருந்தது மிஸ் பீரோவில் இருந்த அந்த நோட்டு மட்டும்தான்.

இந்த ஆடியில் எங்கள் ஊருக்கு மேற்கே, தேரி மணல்மேட்டு ஓரத்துப் பனங்காட்டில் கவர்னர் விருது முகாம் போட்டார்கள். அறுபது பிள்ளைகள் வந்திருந்தார்கள். கைவினைத் தேர்வுக்குக் கொட்டான் என்கிற ஓலைப்பெட்டி முடைய இருபது கட்டுக் குருத்தோலை வேண்டும் என்று மிஸ் அப்பாவிடம் போனில் சொன்னார். நான்தான் எக்ஸெல் வண்டியில் மூன்று நடை கொண்டுபோனேன்.

மூன்றாம் நடையில்தான் பந்தலுக்குள் இருந்த மேசையைப் பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளின் லாக் புக்கும் அங்கே வரிசையாக அடுக்கியிருந்தது. நாலாவதாக இருந்த நோட்டுக்குப் பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. மேலே அச்சடித்த சீட்டில் 'ம. சண்முகப்பிரியா, பத்தாம் வகுப்பு' என்று இருந்தது. ஆனால் தாள்களின் ஓரத்தில் கருப்பட்டிப் பாகு சிந்திய கறை தெரிந்தது. அது நான் கடையில் வைத்து எழுதியபோது சிந்தியது. திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தின் மேல் புதுத்தாள் ஒட்டியிருந்தது. மற்ற பக்கம் முழுக்க என் எழுத்து. இடது கையால் எழுதினால் கை எழுத்தின் மேலேயே நகரும், மை இழுபடும். ஒவ்வொரு வரியிலும் அந்த இழுப்பு இருந்தது.

பிரியா எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவள். நான் நின்ற பிறகு, போன வருஷம்தான் படையில் சேர்ந்தாள். முகாமுக்குக் கூடாரங்கள் வாங்கிக் கொடுத்தது அவள் அப்பா. அவளுக்கு இரண்டு வருஷ லாக் புக் எங்கிருந்து வரும்?

மிஸ் என்னைப் பார்த்துவிட்டார். தோளைத் தொட்டுப் பந்தலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். பிரியமாகத்தான் பேசினார், அதுதான் தாங்க முடியவில்லை. நான் படிப்பை விட்டுவிட்டேனாம், நோட்டு பீரோவில் கிடந்து கரையான் அரிப்பதற்கு ஒரு பிள்ளைக்காவது உதவட்டும் என்று நினைத்தாராம்.

"கடையில இருக்கவளுக்கு இது எதுக்குளா?" என்றார்.

இந்தக் கேள்விக்கு அதற்கப்புறம் பதினோரு பதில் யோசித்து வைத்திருக்கிறேன். அப்போது ஓலைக்கட்டைப் பிரிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பந்தல் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றியது. போனால் அந்த நோட்டு அவளுடையதாகவே ஆகிவிடும் என்றும் தோன்றியது. அதனால் போகவில்லை.

தேர்வாளர் ஜெசிந்தா மேடம் தூத்துக்குடிக்காரர். தன் அப்பா வல்லம் ஓட்டிக் கடலுக்குப் போன மீனவர் என்றும், முடிச்சில் தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்றும் காலையிலேயே பிள்ளைகளிடம் சொல்லியிருந்தாராம். அவர் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தார். நாலாவதில் நின்றார். அறுபத்தோராம் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார். இருபது முகாம் பார்த்துவிட்டேன், மணலில் முளை நிற்காது என்று எல்லாரும் அழுவார்களே தவிர இப்படி ஒருத்தி யோசித்து எழுதிப் பார்த்ததில்லை என்று பிரியாவைத் தட்டிக்கொடுத்தார். பிரியா தரையைப் பார்த்தாள். நான் ஓலையைக் கிழித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாராட்டுக்காக இரண்டு வருஷம் ராத்திரி பகலாக வரைந்தவள் ஆறடி தள்ளி உட்கார்ந்திருக்கிறாள், அது போய் பிரியா முதுகில் விழுகிறது.

"உன் கூடாரத்தையே இந்த மாதிரி மாத்திக் கட்டிக் காட்டு, பாப்போம்" என்றார் மேடம்.

பிரியா மட்டையை எடுத்தாள். அவள் மோசமில்லை, வகுப்பில் சொல்லிக் கொடுத்த முடிச்சைச் சரியாகப் போடுவாள். ஆனால் மேடம் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, படத்தில் இருக்கிறபடியே போடு என்றார். படத்தில் கயிறு ஒரு பக்கமிருந்து வருகிறது, பிரியாவின் கை மறுபக்கமிருந்து கொண்டுவருகிறது. ஒரு தடவை அவிழ்த்தாள். மறுபடி போட்டாள். படத்தைப் பார்த்து, தன் கையைப் பார்த்து, நோட்டைத் தலைகீழாகத் திருப்பச் சொல்லிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஒருத்தி, "எழுதும்போது தலைகீழா நின்னு எழுதினியாக்கும்" என்று கேட்டு, எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த நேரம்தான் காற்று வந்தது. தேரியில் ஆடிக் காற்று சொல்லிக்கொண்டு வராது. செம்மண் திரையாக எழும்பியது. பிரியா பழைய முளையைப் பிடுங்கியிருந்தாள், புது முடிச்சு விழவில்லை. கூடாரம் ஒரு பக்கமாகத் தூக்கி அடித்தது. உள்ளே சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"செல்வி, ஓலையைப் போட்டுட்டு இங்கன வாளா, பிடி" என்று மிஸ் கத்தினார்.

நான் ஓடினேன். கயிற்றைப் பிடித்து, மட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சை இழுத்து, குழியில் படுக்கவைத்து மிதித்தேன். யோசிக்கவில்லை, கை தானாகப் போட்டது. பிறகு அடுத்த மூலை. அப்புறம் அதற்கடுத்தது. நாலாவது மூலையில் முடிச்சுப் போடும்போது என் கைக்கு மேல் நிழல் விழுந்தது. ஜெசிந்தா மேடம் நோட்டைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார். படத்தைப் பார்த்தார், என் இடது கையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளை யாரு?" என்று கேட்டார்.

"அது கடைக்காரர் மக மேடம். ஓலை கொண்டாந்தவ" என்றார் மிஸ்.

இரண்டு வருஷம் அந்த மிஸ்ஸின் கீழ் அணித்தலைவியாக இருந்தேன். மழையில் நனைந்த கொடியை என் வீட்டில் உலர்த்தி, தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்தவள் நான். பெயர்கூட இல்லை, ஓலை கொண்டாந்தவள். என் வாய் அப்போதுதான் திறந்தது. குரல் வந்தது.

"அந்த நோட்டு என்னுது மேடம். நான் சு. பேச்சிச்செல்வி. முதல் பக்கத்துல ஒட்டியிருக்க தாளைக் கிழிச்சுப் பாருங்க."

மேடம் கிழிக்கவில்லை. வெயிலுக்கு நேரே அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, அடியில் தெரிந்த பெயரைப் படித்தார். பிறகு பிரியாவிடம் கேட்டார். அவள் அழுதுகொண்டே, "மிஸ்தான் குடுத்தாவ" என்றாள். மிஸ் என்னிடம் சொன்ன கரையான் கதையையே அவரிடமும் சொன்னார். நோட்டு வீணாகக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான் என்றார்.

மேடம் நோட்டை மூடினார். அடுத்தவள் நோட்டோடு வந்ததால் பிரியாவுக்கு இந்த வருஷம் தேர்வு இல்லை, அடுத்த வருஷம் சொந்த நோட்டோடு வரட்டும் என்றார். என்னைப் பார்த்து, பள்ளிப் பதிவில் பெயர் இல்லாதவளைத் தேர்வு செய்ய விதியில் இடமில்லை என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் நன்றாக இல்லை. நோட்டு அறிக்கையோடு ஆபீஸுக்குப் போக வேண்டும் என்று தன் பையைத் திறந்தார். மறுபடியும் ஆபீஸ்.

"போட்டோ எடுத்துக்கங்க மேடம். நோட்டைக் குடுத்துருங்க" என்றேன்.

அவர் பையை மூடினார். பிறகு முதல் பக்கத்தையும் அறுபத்தோராம் பக்கத்தையும் போனில் எடுத்துக்கொண்டு நோட்டை என் கையில் தந்தார். இருட்டுவதற்குள் எல்லாக் கூடாரத்தையும் இந்த முறையில் மாற்றிக் கட்டும்படி சொல்லிவிட்டு அடுத்த அணிக்குப் போனார்.

மிஸ்ஸுக்கு உடனே தெம்பு வந்துவிட்டது. விசிலை ஊதிப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். மட்டை வெட்ட நாலு பேரை அனுப்பினார். இது நம்ம ஸ்கூல் முறை, எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க என்று சொன்னார். நான் கட்டிய மூலையைத் தொட்டுக் காட்டித்தான் அதைச் சொன்னார்.

நான் நகரவில்லை. அவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். நடந்ததை மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது, சாரணியருக்குள் அதெல்லாம் இருக்கக் கூடாது என்றார். அறுபது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, இடது கையை நீட்டினார்.

"வா, கை குடு."

அதே கை. எட்டாம் வகுப்பில் நீட்டிய அதே மாதிரி, விரல்கள் கொஞ்சம் விரிந்து. என் இடது கையில் நோட்டு இருந்தது. வலது கை சும்மாதான் இருந்தது. நோட்டை அந்தக் கைக்கு மாற்ற ஒரு நொடிகூட ஆகாது.

"யாரு முறைன்னு மொதல்ல சொல்லுங்க மிஸ்" என்றேன்.

"அதான் எல்லாருக்கும் தெரியும்லா."

"தெரியாது."

அவர் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு, காற்றில் பறந்த முந்தானையைச் சரிசெய்வதற்காகவே நீட்டியதுபோல, அதைப் பிடித்து இடுப்பில் செருகியது. நான் ஓலை கட்டிவந்த கயிற்றால் நோட்டை வண்டியின் பின்னால் கட்டினேன். பிள்ளைகள் மட்டையைப் புதைத்து மிதிக்கும் சத்தம் பனங்காடு முழுக்கக் கேட்டது. நான் வண்டியை எடுக்கும்வரை மிஸ் என் பெயரைச் சொல்லவில்லை.