பட்டன் இல்லாத சட்டை

கழுத்துப்பட்டியின் வளைவில் ஊசி திரும்பிக்கொண்டிருந்தபோது ஃபோன் டிங் என்றது. தையல்காரி பெடலிலிருந்து காலை எடுத்தாள். எடுத்த வேகத்தில் தையல் ஒரு நூல் வெளியே போய்விட்டது. கைக்குழந்தைச் சட்டையில் கழுத்துத் தையல் கோணினால் தோலை உரசும், பிரித்துத்தான் தைக்க வேண்டும். துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு ஃபோனைப் பார்த்தாள்.

'இது பச்சை கலரா?' என்று யாரோ கேட்டிருந்தார்கள். படத்தில் சட்டை பச்சையாக இருந்தது. கீழே பச்சை என்று எழுதியும் இருந்தது.

'ஆமாங்க, பச்சைதான்' என்று தட்டி அனுப்பினாள்.

"வந்து சேர்றதுக்குள்ள நிறம் மாறிடுமோன்னு பயப்படுறாங்க அண்ணி" என்றாள் தரையில் உட்கார்ந்து நாடா திருப்பிக்கொண்டிருந்த நாத்தனார். ஊக்கை நுழைத்து, உள்பக்கத்தை வெளிப்பக்கமாக இழுத்து, நகத்தால் நீவி ஒவ்வொன்றாகப் பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சட்டைக்கு நான்கு நாடா. இவர்கள் தைக்கும் சட்டையில் பட்டன் கிடையாது. இரண்டு பக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டு இடுப்பில் முடிச்சுப் போட வேண்டியதுதான். பட்டன் பிய்ந்தால் நேராகக் குழந்தையின் வாய்க்குத்தான் போகும் என்று கடை ஆரம்பித்த அன்றே நாத்தனார் சொல்லிவிட்டாள். நாடா திருப்புவது பட்டன் தைப்பதைவிட மூன்று மடங்கு வேலை. அந்த வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

ஆப்பில் கடை வைத்திருப்பவர்கள் பத்து நிமிடத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்பது கம்பெனியின் சட்டம். தவறினால் கடை கீழே இறங்கும். முதல் பக்கத்தில் இருக்கிற கடைக்குத்தான் ஆள் வரும். மூன்றாம் பக்கத்துக்குப் போன கடை கிணற்றில் போட்ட கல். தையல்காரியின் கணவன் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். அவன் தங்கையோ, புருஷனின் அடி பொறுக்காமல் ஒரே ஒரு பையோடு வந்தவள். திரும்பிப் போக மாட்டேன் என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தாள். அவள் போகாமல் இருப்பதற்கு இந்த மெஷின் ஓட வேண்டும். அது மூன்று பேருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

"டீத்தூள் எங்க?" என்று அடுப்படியிலிருந்து கணவன் கேட்டான்.

"உங்க கண்ணு முன்னாடி."

"இல்லையே. வந்து கொஞ்சம் எடுத்துக் குடேன், வீட்லதானே இருக்க."

வீட்லதானே இருக்க. இந்த இரண்டு வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறும். எதிர்வீட்டுக்காரி பிள்ளையை விட்டுவிட்டுக் கடைக்குப் போவாள், வீட்லதானே இருக்கீங்க. மாடியில் இருப்பவர்களின் பார்சலை இங்கேதான் கொடுப்பார்கள், வீட்லதானே இருக்கீங்க. ஆபீஸ் போகிறவள் என்றால் அவளைத் தேடி ஆபீசுக்குப் போய் டீத்தூள் கேட்பார்களா? எழுந்து போய் டீத்தூளை எடுத்து அவன் கையில் வைத்தாள். டப்பா அவன் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. திரும்பி வந்து உட்கார்வதற்குள் ஃபோன் மறுபடி டிங் என்றது.

அந்த வாரம் கம்பெனி ஒரு வகுப்பு நடத்தியது. 'கவனம் சிதறாமல் வியாபாரம்' என்று பெயர். கட்டாயம் இல்லை, ஆனால் வந்தவர்களின் கடைக்கு ஒரு பதக்கப் படம் ஒட்டுவார்கள். பதக்கம் இல்லாத கடை முதல் பக்கத்தில் நிற்காது. கட்டாயம் இல்லை என்பதற்கு அதுதான் அர்த்தம். ஃபோனைத் தையல் மெஷினில் சாய்த்து வைத்து இரண்டு பேரும் பார்த்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையும் இஸ்திரி போட்ட முகமுமாக ஒருவர் பேசினார்.

"ஃபோன்தான் உங்க முதல் எதிரி. வேலை செய்யும்போது அதை வேற ரூம்ல வச்சுப் பூட்டுங்க. ஒரு நேரத்துல ஒரு வேலை. கதவைச் சாத்துங்க. வீட்ல இருக்கறவங்ககிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க."

"இவரு வீட்ல டீத்தூள் எல்லாம் தானா வந்து கொதிச்சுக்கும் போல" என்றாள் நாத்தனார்.

பத்து நிமிடச் சட்டம் என்னாவது என்று யாரோ எழுதிக் கேட்டார்கள். அவர் சிரித்தார். "நல்ல கேள்வி. அதுக்குத்தான் ஆட்டோ ரிப்ளை குடுத்திருக்கோம். ஒரு தடவை போட்டு விட்டா அதுவே பேசிக்கும். நீங்க நிம்மதியா வேலையைப் பாருங்க."

பதில் வாசகத்தை நாமே எழுத முடியாது. கம்பெனி எழுதி வைத்திருந்தவற்றில் ஒன்றைத் தொட வேண்டும். இருந்ததில் மரியாதையாகத் தெரிந்ததைத் தையல்காரி தொட்டாள். 'உங்கள் அன்புக்கு நன்றி. உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி.'

மறுநாள் காலை ஃபோனைப் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். கணவனிடம், "மத்தியானம் வரைக்கும் இந்தக் கதவைத் தட்டக் கூடாது. வீடு பத்திக்கிட்டாலும் நீங்களே அணைச்சுக்குங்க" என்றாள். அவன் என்ன நினைத்தானோ, ஒரு நாற்காலியை வெளியே போட்டுக் காவல்காரன் மாதிரி உட்கார்ந்துகொண்டான். எதிர்வீட்டுக்காரி வந்தபோது, "அவங்க ஆபீஸ்ல இருக்காங்க" என்று அவன் சொன்னது உள்ளே கேட்டது. இரண்டு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அப்படி ஒரு காலையை அவள் பார்த்து வெகு நாளாயிற்று. வளைவு வந்தால் கை தானாகத் திரும்பியது. ஒரு கழுத்துக்கூடப் பிரிக்கவில்லை. பாபினில் நூல் தீர்ந்தது, மாற்றினாள், மறுபடி தீர்ந்தது. நாத்தனார் நாடாவைத் திருப்பித் திருப்பிப் போட, அவள் வைத்துத் தைக்க, குவியல் மேஜையிலிருந்து வழிந்து தரைக்கு வந்தது. மெஷின் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. தலைக்குள் இத்தனை இடம் இருந்ததா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அண்ணி, இப்படியே ஓட்டினா இன்னொரு மெஷின் வாங்கிடலாம்" என்றாள் நாத்தனார். "நானும் தைக்கிறேன்."

"வாங்குவோம்டி."

மத்தியானம் பீரோவைத் திறந்தாள். ஃபோன் சூடாக இருந்தது.

முதலில் ஒரு படம். பூப்போட்ட கைக்குழந்தைச் சட்டை, நடுவில் வரிசையாகப் பட்டன். ஒரு பட்டன் இருந்த இடத்தில் நூல் மட்டும் தொங்கியது. கீழே, 'உங்க சட்டையில பட்டன் கழண்டு குழந்தை வாயில போட்டுக்கிச்சு.'

'உங்கள் அன்புக்கு நன்றி. உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி.'

'தொண்டையில சிக்கியிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போறோம். இது என்ன பட்டன், உலோகமா? டாக்டர் கேக்குறாரு, சீக்கிரம் சொல்லுங்க.'

'உங்கள் அன்புக்கு நன்றி. உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி.'

'நீங்கள்லாம் மனுஷங்களா?' என்று கேட்டு ஒரு நம்பர் போட்டிருந்தது. அதற்கும் அதே நன்றி, அதே மகிழ்ச்சி. எல்லாவற்றுக்கும் கீழே கம்பெனியிடமிருந்து ஒரு வரி. 'வாடிக்கையாளர் பாதுகாப்பு கருதி உங்கள் கடை மூடப்பட்டுள்ளது.'

நாத்தனார் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "நம்ம சட்டையில பட்டனே கிடையாதே அண்ணி."

தையல்காரி அந்த நம்பருக்கு அடித்தாள். அவசரத்தில் இரண்டு முறை தப்பாகப் போயிற்று.

"குழந்தை எப்படிம்மா இருக்கு?"

ஒரு பெண் குரல் வந்தது. "எடுத்துட்டாங்க. தூங்குறான்."

"நல்ல வேளை. அம்மா, நாங்க பட்டன் வைக்கிறதே இல்லை. நாடாதான் வைப்போம். அந்தச் சட்டை எங்களுது இல்லம்மா."

"சட்டை உங்களுது இல்லாம இருக்கலாம்" என்றாள் அந்தத் தாய். "பதில் உங்களுதுதானே?"

ஃபோன் வைக்கப்பட்டது. தையல்காரி குவியலைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை, யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது.

"ஃபோனை என்கிட்ட குடுத்திருக்கலாம்ல" என்றான் வாசலில் நின்ற கணவன். "நான் சும்மாதானே உக்காந்திருந்தேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆமா, நீங்க சும்மாதான் உக்காந்திருந்தீங்க. அதை இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சீங்களா?"

அவன் தலை குனிந்துகொண்டான். சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் அடிக்கக் கூடிய தூரத்தில் இருந்தவன் அவன் ஒருவன்தான்.

கம்பெனியின் பழைய மெசேஜ்களைப் புரட்டியபோது பட்டன் வந்த வழி அன்று மாலையே தெரிந்துவிட்டது. கம்பெனியின் குடோனுக்கு அனுப்பும் சரக்கை ஒரே குவியலாக வைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தார்கள். பூப்போட்ட கைக்குழந்தைச் சட்டை என்றால் யார் தைத்தது என்ற பேச்சில்லை, எல்லாம் ஒரே பெட்டி. யார் கடையில் ஆர்டர் வந்தாலும் கைக்கு அகப்பட்டதை எடுத்து அனுப்புவார்கள். சம்மதிக்காத கடைக்கு முதல் பக்கம் இல்லை. தையல்காரி சம்மதித்திருந்தாள். தின்றவன் ஒருவன், கை கழுவ வேண்டியவள் இவள்.

கம்பெனிக்கு எழுதினாள். நாடா வைத்த சட்டைகளைப் படம் எடுத்து அனுப்பினாள். 'உங்கள் உணர்வு புரிகிறது' என்று வந்தது. மறுபடி எழுதினாள், மறுபடி உணர்வு புரிந்தது. இவள் ஊதிக்கொண்டே இருக்க, செவிடன் காதில் சங்காக நாட்கள் போயின. கடைசியில் ஒரு பெண் கூப்பிட்டாள். சின்ன வயதுக் குரல்.

"மேடம், கம்ப்ளைன்ட் வந்து பத்து நிமிஷத்துல நீங்க பதில் சொல்லலை மேடம். அதனாலதான்."

"பதில் போயிருக்கேம்மா."

"அது ஆட்டோ ரிப்ளை மேடம். கம்ப்ளைன்டுக்கு அது கணக்குல வராது."

"அப்போ எதுக்கு அதைப் போடச் சொல்லிக் குடுத்தீங்க? ஃபோனைப் பூட்டி வைக்கச் சொன்னது யாரு? உங்க ஆளுதானே?"

"அது ட்ரெயினிங் டீம் மேடம். நான் வேற டீம்."

"பட்டன் எங்களுது இல்லைன்னாவது எழுதிக்குவீங்களா?"

"உங்க கடை பேர்ல போன சரக்கு மேடம். பொறுப்பு கடைக்காரங்களோடது."

தையல்காரி மூச்சை இழுத்துவிட்டாள். "சரி. குடோன்ல இருக்கிற எங்க சட்டைங்களையாவது திருப்பிக் குடுங்க. சந்தையில வச்சு வித்துக்கிறோம்."

"அதுக்கு நீங்க கடைக்குள்ள போய் ரிட்டர்ன் பட்டனை அழுத்தணும் மேடம்."

"கடையைத்தான் மூடிட்டீங்களேம்மா."

"ஆமா மேடம்" என்றாள் அந்தப் பெண். குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்கும் இதுக்கு மேல பேச நேரம் குடுக்கலை மேடம். இத்தனை நிமிஷத்துல கால் முடிக்கணும்."

அவளைத் திட்ட வேண்டும் என்று திறந்த வாயைத் தையல்காரி மூடிக்கொண்டாள்.

வீட்டில் இருந்த குவியலைக் கணவன் பையில் கட்டி எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினான். பாதி விலைக்குக் கேட்டார்கள், அதுவும் விற்ற பிறகுதான் காசு என்றார்கள். ஒரு நாள் சாப்பிடும்போது, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாக்கட்டுமா?" என்றான்.

நாத்தனார் பிசைந்த கையோடு அப்படியே இருந்தாள்.

"இன்னொரு தடவை அந்தப் பேச்சை எடுத்தீங்கன்னா, நானும் அவளோட சேர்ந்து கிளம்பிடுவேன்" என்றாள் தையல்காரி. "அவன் வீட்டுக்கு இல்ல."

யாரும் மறுசோறு கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து நாத்தனார்தான் பார்த்தாள். அண்ணன் ஃபோனில் ஆப்பைத் திறந்து கைக்குழந்தைச் சட்டை என்று தேடியிருக்கிறாள். முதல் பக்கம், முதல் வரிசை. விற்பவர் என்ற இடத்தில் கம்பெனியின் பெயரே இருந்தது. 'பட்டன் கிடையாது. நாடா வைத்துத் தைத்தது. உங்கள் செல்லத்துக்குப் பாதுகாப்பு.' விலை இவர்கள் விற்றதைவிட அதிகம்.

"நம்மளுதுதானா, வேற யாராவது தைச்சதா?" என்றான் கணவன்.

"வரவழைச்சுப் பாத்துடுவோம்" என்றாள் தையல்காரி. வீட்டுச் செலவுக்கு வைத்திருந்ததில் எடுத்து ஆர்டர் போட்டார்கள்.

பார்சல் வந்தது. வாரக்கணக்கில் சும்மா கிடந்த மெஷின் மேல் வைத்துப் பிரித்தாள். பார்த்ததுமே தெரிந்தது. கழுத்தை உள்பக்கம் திருப்பி விரலை ஓட்டினாள். வளைவில் ஒரு கோணல் இல்லை. நாத்தனார் நாடாவை எடுத்து நகத்தால் நீவினாள். கழுத்துப்பட்டியின் நடுவில் கம்பெனியின் பெயர் போட்ட துணி லேபிள் ஒன்றை வேறு நிற நூலில், கண்ணை மூடிக்கொண்டு தைத்த மாதிரி தைத்திருந்தார்கள். தையல்காரி நூல் பிரிக்கும் ஊசியைக் கையில் எடுத்தாள்.

"வேணாம் அண்ணி" என்று நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "அதைப் பிரிச்சா திருப்பி எடுத்துக்க மாட்டாங்க. காசு போயிடும்."

தையல்காரி அந்த எழுத்துகளை இன்னொரு தடவை படித்தாள். பிறகு ஊசியை வைத்துவிட்டுச் சட்டையை மடித்தாள். நான்கு நாடாவையும் உள்ளே தள்ளி, சுருக்கம் விழாமல், கடைக்கு அனுப்பும்போது எப்படி மடிப்பாளோ அப்படியே மடித்துக் கவரில் போட்டாள்.

திருப்பி எடுக்க வந்தவர் வாசலிலேயே கவரைத் திறந்து சட்டையை வெளியே எடுத்தார். துணியைப் பார்க்கவில்லை, தையலைப் பார்க்கவில்லை. கழுத்தை மட்டும் பிதுக்கிப் பார்த்தார்.

"கம்பெனி பேரு கிழியலைல்ல?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றாள் தையல்காரி. "அப்படியேதான் இருக்கு."

அவர் தலையாட்டிவிட்டுச் சட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டு படியிறங்கினார்.