பெயர் நாள் வீட்டில் இறங்கியவர்கள்

ஆரெத்தி தன் புருஷனை ஈத்ரா தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனது காற்று வாங்க அல்ல. இரண்டு நாள் பார்ப்பது. அதற்குள் மனுஷன் வாயைத் திறந்து பேசினால் சரி, இல்லாவிட்டால் கவாலாவில் இருக்கும் தங்கை வீட்டோடு போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள். கல்யாண நாள் பரிசாகத் தீவில் அறை பிடித்துக் கொடுத்த மகள் இஸ்மினியிடம்கூட அவள் இதைச் சொல்லவில்லை.

பெரிக்லிஸ் முப்பத்துநான்கு வருஷம் கப்பலில் இஞ்சினியராக இருந்தவர். வருஷத்துக்கு இரண்டு மாதம் வீட்டுக்கு வருவார், அந்த இரண்டு மாதமும் வீடு அமளிப்படும். ஓய்வு பெற்றபின் பிரேயஸ் நகரத்து வீட்டில் நாள் முழுக்க இருக்கிறார், ஆனால் இருக்கிற மாதிரியே தெரியவில்லை. கேட்டதற்கு ஒரு 'ம்'. கேட்காததற்கு அதுவும் கிடையாது. இதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ராத்திரி படுக்கையை விட்டு எழுந்து போய்விடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் சமையலறை நாற்காலியில் தூங்கிக்கொண்டிருப்பார். என் பக்கத்தில் படுக்கவே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நினைத்து இரண்டு வருஷமாக அவள் வெந்து போயிருந்தாள்.

ஆகஸ்ட் ஆறாம் தேதி முற்பகலில் துறைமுகத்தில் இறங்கினார்கள். ஈத்ராவில் காரும் இல்லை, ஸ்கூட்டரும் இல்லை. பெட்டி எல்லாம் கோவேறு கழுதை மேல்தான். லூக்காஸ் என்ற கழுதைக்காரர் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு, மேலே ஏறிப் போங்கள், கதவு திறந்திருக்கும் பெரிய கல் வீடு என்று அடையாளம் சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார்.

அன்றைக்குப் போய் அப்படி ஓர் அடையாளம் சொன்னாரே, அவரைத்தான் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் ஆறு சோதிரிஸ் என்று பெயர் வைத்த அத்தனை பேருக்கும் பெயர் நாள், பிறந்த நாளைப் போல அந்தப் பெயருக்கென்றே வரும் திருநாள். அவர்கள் வீட்டுக் கதவெல்லாம் திறந்துதான் கிடக்கும். பெயர் நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர்கள் வருவார்கள். வந்தவரைப் பார்த்து நீ யார் என்று கேட்பதைப் போல ஓர் அநாகரிகம் எங்களிடம் கிடையாது.

மூச்சு வாங்கப் படியேறி, முதலில் கண்ணில் பட்ட திறந்த வாசலில் இருவரும் நுழைந்தார்கள். பழைய காலத்துக் கப்பல் முதலாளி கட்டிய மாளிகை. குளுகுளுவென்ற கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். கை இரண்டையும் விரித்துக்கொண்டு வந்த ஒரு பெரிய உடம்புக்காரர் பெரிக்லிஸின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். யாரோ அவரை சோதிரிஸ் என்று கூப்பிட்டது காதில் விழுந்ததும், பழக்கதோஷத்தில் ஆரெத்தியின் வாய் தானாக "பல்லாண்டு வாழ்க" என்றது. அத்தோடு அவர்கள் அந்த வீட்டு விருந்தாளி ஆகிவிட்டார்கள்.

இந்தத் தீவில் விடுதிகள் எல்லாம் பழைய மாளிகைகள்தானே என்று அவள் தனக்குத்தானே கணக்குப் போட்டாள். விடுதிக்காரருக்குப் பெயர் நாள், மற்றவர்கள் தங்க வந்தவர்கள். ஆனாலும் ஏதோ இடித்தது. அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். சோதிரிஸ் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இன்னிக்குப் போயி அதெல்லாம் யாரும்மா கேக்கப்போறா? உள்ள வாங்க."

எங்கள் அறை எது என்று கேட்டதற்கு, எது பிடிக்கிறதோ அது, வீடே உங்களுடையது என்றார். இஸ்மினி பிடித்த இடம் இவ்வளவு தாராளமா என்று ஆரெத்திக்குத் தலை சுற்றியது. வீட்டுக்கார அம்மாள் கலியோப்பி, தேக்கரண்டியில் செர்ரிப் பாகும் ஐஸ் தண்ணீரும் கொடுத்தாள். அது முடியுமுன் பாதாம் இனிப்பு வந்தது. விரத நாட்களுக்கு நடுவில் மீன் தின்ன அனுமதி உள்ள ஒரே நாள் என்பதால், அதையும் விடாமல் பொரித்த மீன் வந்தது. பக்கத்தில் இருந்த கிழவர், அம்மாவுக்குக் கால் வலி எப்படி இருக்கிறது என்று அக்கறையாகக் கேட்டார். "இப்ப பரவாயில்ல" என்று சொல்லி வைத்தாள். அம்மா செத்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது என்பது அதற்கப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

கோயிலில் மந்திரித்து வந்த முதல் திராட்சையை அலசிக் கொடுக்கக் கலியோப்பி அவளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். விடுதியில் தங்க வந்தவளை வேலை வாங்குவார்களா என்ன? குழப்பம் தலைக்கேறிக் குலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது, கூடத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. கணீரென்ற பேச்சு. யார் இந்த வாயாடி என்று எட்டிப் பார்த்தாள். பெரிக்லிஸ்.

"கப்பல்ல காலுக்குக் கீழ எப்பவும் இஞ்சின் ஓடிட்டே இருக்கும். அது நின்னா ஆபத்துன்னு அர்த்தம். தூக்கத்துலயும் காது அதைக் கேட்டுட்டே இருக்கும்" என்று முன்பின் தெரியாத ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "வீட்ல ராத்திரி ஒரு சத்தம் கிடையாது. படுத்தா நெஞ்சு அடிச்சுக்குது. எந்திரிச்சுப் போயி ஃபிரிட்ஜ் பக்கத்துல உக்காந்துக்குவேன். மோட்டார் ஓடும் பாருங்க, அப்பதான் கண்ணு அசரும்."

எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். வீட்டம்மாவிடம் சொன்னீர்களா என்று யாரோ கேட்டதும் சிரிப்பு நின்றது.

"முப்பத்துநாலு வருஷம் எனக்காகக் காத்துட்டு இருந்தவ. வந்து சேந்த பிறகு, வீட்ல இருக்கவே பயமா இருக்குன்னு அவகிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

ஆரெத்தி திராட்சையைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டாள். என்மேல் வெறுப்பு இல்லை என்று சந்தோஷப்படுவதா, ஊரான் வீட்டில் கொட்டியதை எனக்குச் சொல்லவில்லையே என்று சண்டை பிடிப்பதா? இரண்டு வருஷம் ஒரு ஃபிரிட்ஜைப் பார்த்தா பொறாமைப்பட்டேன்? அழுகைதான் முதலில் வந்தது. கலியோப்பி ஒன்றும் கேட்காமல் துண்டை எடுத்து நீட்டினாள்.

அதற்குள் லூக்காஸ் வந்து நின்று, மேல்வீதி விடுதியில் ஒரு மணி நேரமாகப் பெட்டியோடு காத்திருக்கிறேன் என்று சத்தம் போட்டார். கூடம் கொல்லென்று சிரித்தது. இவர்களை மனைவி வழி உறவு என்று சோதிரிஸ் நினைத்திருந்தாராம். அவருடைய சிநேகிதர்கள் என்று கலியோப்பி நினைத்திருந்தாளாம். பெரிக்லிஸுக்குக் காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது.

விடுதி அறைக்கு வந்தபோது மதியத் தூக்க நேரம். தீவே அடங்கிக் கிடந்தது. அவர் ஜன்னலோரம் நின்றார். காற்று நன்றாக வருகிறதா என்று கேட்டாள். "ம்" என்றார். அங்கே அருவியாகக் கொட்டியவர்தானா இவர்? சமையலறையில் நின்று கேட்டேன் என்று சொன்னால் வெட்கத்தில் இன்னும் சுருண்டுகொள்வார். சொல்லாவிட்டால் கவாலாவுக்குப் பெட்டி கட்டுவது ஒன்றுதான் பாக்கி. அவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

நடைவழியில் பைத்தியம்போலக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கதவைத் தட்டினாள்.

பெரிக்லிஸ் திறந்தார். அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று நடைவழியையும் பார்த்தார்.

"மன்னிக்கணும்" என்றாள் ஆரெத்தி. "இந்த ஊர்ல எனக்கு யாரையும் தெரியாது. கொஞ்சம் உள்ள வரலாமா?"

அவர் முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. கதவை அறைந்து சாத்தப் போகிறார் என்றே அவள் நினைத்தாள். ஆனால் அவர் மெல்ல ஒதுங்கி வழிவிட்டார்.

"வாங்கம்மா. உக்காருங்க" என்றார். "உங்க வீட்டுக்காரர் வரலையா?"

"அவர் ராத்திரி தூங்குறதே இல்ல. ஏன்னு எங்கிட்டச் சொல்ல மாட்டேங்குறாரு."

பெரிக்லிஸ் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "சொன்னா அந்த ஆளை நீங்க கோவிச்சுக்கக் கூடாது."